சம்பந்தியோடு தீர்த்தமலை வரை

புரட்டாசியின் கடைசி வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே காரிமங்கலத்தில் பஸ் ஏறினேன். பையில் இரண்டு வேட்டி, துண்டு, போர்வை, கற்பூரம், ஒரு தேங்காய், வசந்தா கட்டிக் கொடுத்த புளிசாதம். வசந்தா என் மனைவி. எங்களுக்குக் காரிமங்கலத்தில் சின்னதாக ஒரு மாவு மில் இருக்கிறது. மூன்று நாள் மில்லை மூடிவிட்டுப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

தீர்த்தமலை புதிதில்லை. பஸ்ஸில் போய்ச் சாமி பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பியிருக்கிறேன். இந்த முறை நடை. இருமத்தூரில் தென்பெண்ணையைத் தொட்டு, ஆற்றோரமாகவே ஈச்சம்பாடி அணைக்கட்டு வரை போய், அங்கிருந்து கால்வாய்க் கரை, பிறகு மறுபடியும் ஆறு, அனுமந்தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, கடைசியில் மலை. தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து வருகிறோம் என்று ஈசனிடம் வேண்டிக்கொண்டது.

வருகிறோம் என்று சொன்னதில் இரண்டு பேர். நானும் என் சம்பந்தி முனிரத்தினமும். அவருக்கு ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. என் மகள் பவித்ராவை அவர் மகன் சதீஷுக்கு நிச்சயம் செய்த அன்று, கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் இரண்டு தகப்பனும் சேர்ந்து நடந்து வந்து உன்னைப் பார்க்கிறோம் ஈசா என்று அவர்தான் முதலில் சொன்னார். நானும் கை கூப்பினேன். வைகாசியில் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

ஆடிக்கு முறைப்படி மகளை அழைத்து வந்தோம். ஆடி போனது. ஆவணியும் போனது. திரும்ப அழைத்துப் போக அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவரிடம் மகள் கேட்டால், "எங்கப்பா சொல்லணும்" என்பாராம். என்ன குறை வைத்தோம் என்று வசந்தா ராத்திரியெல்லாம் யோசிப்பாள். மில்லுக்கு ராகி அரைக்க வருகிற பெண்கள், "பாப்பா இன்னும் இங்கதான் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் கல் மாதிரி. நானும் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். அவரும் செய்யவில்லை.

போன வாரம்தான் அவர் கூப்பிட்டார். "சாமி காரியம். தள்ளிப் போடக் கூடாது. வெள்ளிக்கெழம காலைல இருமத்தூர்ல நிக்கறேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வெள்ளி, காலை

கம்பைநல்லூரில் பஸ் மாறி இருமத்தூரில் இறங்கினேன். பாலத்தருகே டீக்கடையில் அவர் நின்றிருந்தார். மஞ்சள் துண்டு, வெறுங்கால், கையில் குடை.

"வாங்க."

"வந்துட்டேங்க."

டீ பன்னிரண்டு ரூபாய். அவர் டீக்கு அவர் கொடுத்தார், என் டீக்கு நான் கொடுத்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா, வேற வேறயா?" என்று கேட்டார்.

"சம்பந்திங்க" என்றார் முனிரத்தினம்.

"அப்படியா!" என்று சொல்லிவிட்டு அவர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆற்றங்கரை அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, ஆற்றில் இறங்கிக் காலை நனைத்து, நடையைத் தொடங்கினோம். மேலே இருக்கிற அணையிலிருந்து தண்ணீர் விட்டிருந்ததால் தென்பெண்ணை ஒரு பக்கமாக நிறைந்து ஓடியது. மறுபக்கம் மணலும் நாணலும். பாறை இருக்கும் இடத்தில் தண்ணீர் சத்தம் போடும், மணலில் சத்தமே இல்லாமல் போகும். இரண்டு பெண்கள் பாறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. தென்னை, அதைத் தாண்டிக் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் காடு, நடுநடுவே நெல். மேட்டில் ஏறினால் காய்ந்த ராகிக் கொல்லை. ஓர் ஆள் தூரத்தில் பச்சையும் வறட்சியும் மாறிவிடும். எங்கள் காரிமங்கலத்தில் இருப்பது அந்த மேட்டுப் பக்கம் மட்டும்தான். மழையை நம்பிய பூமி. இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவர் முன்னால், நான் பின்னால். இடையில் ஒரு லாரி நிற்கலாம். 'நமசிவாய' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். சொல்லச் சொல்ல அது 'ஏன் வரல, ஏன் வரல' என்று மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

வெயில் ஏறிய நேரத்தில் வேலமுள் ஒன்று என் குதிகாலில் நேராக ஏறியது. "அப்பா!" என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். குடையை மடக்கிவிட்டு வந்தார். அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார்.

"காலக் காட்டுங்க."

"இல்லீங்க, நானே எடுத்துக்கறேன்."

"குதிகால்ல இருக்கறத நீங்க எப்படிப் பாப்பீங்க? காட்டுங்க சம்பந்தி."

என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண் கொடுத்தவன் நான், மாப்பிள்ளையைப் பெற்றவர் அவர். அவர் மடியில் என் கால். மாட்டுக் குளம்பைப் பார்த்துப் பழகிய கை, ஒரே தள்ளில் முள்ளை எடுத்துவிட்டது.

"எங்க செவலையா இருந்தா இந்நேரம் ஒதைச்சிருக்கும். நீங்க தேவல" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எழுந்து நடந்தோம். இப்போது பக்கத்தில் பக்கத்தில்.

வெள்ளி, மதியம்

ஈச்சம்பாடி அணைக்கட்டில் புளிசாதத்தைப் பிரித்தோம். ஆறு முழுக்கக் குறுக்கே ஒரு சுவர், அதன் மேல் வழிந்து விழும் தண்ணீர், இரண்டு ஓரத்திலும் கால்வாய்க்கு மதகு. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பிடி சாதம் கொடுத்தோம்.

"தீர்த்தமலைக்கா? நேரா மலைக்குப் போயிடாதீங்க. மொதல்ல அனுமந்தீர்த்தம்" என்றார்.

"தெரியுங்க. அங்க முழுகிட்டுத்தான் போறோம்."

"அப்ப சரி. இந்தக் கரையிலயே போங்க. கால்வாய் ஆத்த வுட்டு வெலகற எடத்துல எறங்கிக்கங்க. பாம்பு கெடக்கும், கீழ பாத்து நடங்க. சாமிய மனசுல நெனச்சாப் போதும், மேல பாக்க வேணாம்."

கால்வாய்க் கரை சிவப்பு மண் பாதை. ஒரு வண்டி போகும் அகலம். ஆற்றங்கரை நடை மாதிரி ஏற்ற இறக்கம் இல்லை, தண்ணீரின் மட்டத்துக்கு நாமும் போகிறோம். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. ஒரு தேங்காய் மட்டை எங்களோடு வெகுதூரம் கூடவே மிதந்து வந்தது. நாங்கள் நின்றால் முந்தும், பாலத்தூணில் சிக்கிக்கொண்டால் நாங்கள் முந்துவோம்.

கரைக்குக் கீழே ஓர் அரளித் தோட்டம். அறுபது வயது அம்மா ஒருவர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார். பெயர் முருகம்மா என்று பின்னால் தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டோம். குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டே விசாரித்தார்.

"அண்ணன் தம்பிங்களா?"

"சம்பந்திங்க. வேண்டுதல்" என்றேன்.

"ரெண்டு சம்பந்தியும் சேந்து நடக்கறத இப்பத்தான் பாக்கறேன். பொண்ணு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க."

"எங்க, மாப்ள வூட்லயா?"

"ஆடிக்கு வந்துச்சு. எங்க வூட்லதான் இருக்குது" என்றேன்.

அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஆடி போயி ஐப்பசி வரப் போவுது. இன்னுமா கொண்டுபோயி வுடாம வச்சிருக்கற?"

"அதச் சொல்லுங்கம்மா!" என்றார் முனிரத்தினம். அவர் குரல் உடைந்திருந்தது. "ரெண்டு மாசமா வாசலப் பாத்துட்டு உக்காந்திருக்கறோம். கொண்டாந்து வுடலாம்ல? எங்க வூட்ல என்னா கொற கண்டீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கேட்டா மரியாத கெட்டுடும்னு கேக்கல."

"கொண்டாந்து வுடறதா? நாங்களா? நீங்கதானங்க வந்து அழைச்சிட்டுப் போகணும்!"

"நாங்க எப்படிங்க வருவோம்? ஆடிக்கு அழைச்சிட்டுப் போனவங்க ஆடி முடிஞ்சதும் கொண்டாந்து வுடுவாங்க. அதுதான் மொற. அழைக்காம நாங்க வந்து நின்னா, பொண்ண அனுப்பலன்னு சண்டைக்கு வந்த மாதிரி ஆயிடாது?"

"எங்க பக்கம் மாப்ள வூட்டுக்காரங்க வெத்தல பாக்கோட வந்து அழைக்கணும். நாங்களே கொண்டுபோயி வுட்டா, பொண்ணத் தள்ளி வுட்டுட்டாங்கன்னு ஊரு பேசும்!"

முருகம்மா இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு. பறித்த பூக்கூடை சாய்கிற அளவுக்கு.

"அட சாமிங்களா! மீச நரச்சு என்னாத்துக்கு ஆவுது? சின்னஞ்சிறுசுங்க ரெண்டும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணா கெடக்குது, நீங்க மொற பாத்துட்டு இருக்கறீங்களா? ஒரு போனு போட்டுக் கேக்கறதுக்கு என்னா?"

முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணிலும் அதே வியர்வைதான்.

ஒரே மாவட்டம். பஸ்ஸில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். முகூர்த்தம், சீர், சாப்பாடு என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசினோம். யார் அழைத்து வருவது என்பதை மட்டும் பேசவில்லை. அது உலகத்துக்கே தெரிந்தது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அதுவும் முடியவில்லை.

"தப்பு எம்மேல. ஞாயித்துக்கெழம திரும்பினதும் நானே கொண்டாந்து வுடறேன்" என்றேன்.

"அது எப்படிங்க? உங்க மொறப்படி நாங்கதான் வரணும். நாங்களே வர்றோம்."

"இல்லீங்க, உங்க மொறதான் சரி."

"இல்லீங்க, உங்களுதுதான்."

முருகம்மா தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளரளி மொட்டு கொஞ்சம், செவ்வரளி மொட்டு கொஞ்சம், ஈர வாழை இலையில் தனித்தனியாக மடித்துக் கொடுத்தார். "இந்தாங்க. மலையில சாமி முன்னால பூ போட்டுப் பாருங்க. வெள்ள வந்தா இவரு கொண்டுபோயி வுடட்டும். செவப்பு வந்தா அவரு வந்து அழைக்கட்டும். அதுக்கு மேல பேசினா எங்கிட்ட வராதீங்க." பூவுக்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கரையோர ஊர் ஒன்றில் பெருமாள் கோயில் மண்டபத்தில் தங்கினோம். அங்கிருந்து வசந்தாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அடக் கடவுளே, சம்பந்தியம்மாவும் என்ன மாதிரிதான் அழுதுட்டு இருந்திருப்பாங்க" என்றாள். "சரி, நீங்க நல்லபடியா நடங்க. கால்ல மஞ்ச வச்சுக்கங்க." அதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்தது. முனிரத்தினம் போனைத் தொலைந்து போகும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

சனி

புரட்டாசிச் சனிக்கிழமை ஆதலால் காலையிலேயே கோயிலில் பூசை. சுண்டலும் பொங்கலும் கொடுத்து அனுப்பினார்கள். கால்வாய் விலகும் இடத்தில் இறங்கி மறுபடி ஆற்றைப் பிடித்தோம். முதல் நாள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அன்று பேசினோம். அவர் மனைவி லட்சுமியம்மாவுக்குச் சர்க்கரை. சதீஷுக்குச் சின்ன வயதில் தண்ணீர் என்றால் பயம். பவித்ரா வைக்கிற ரசத்தைக் கல்யாணமான புதிதில் சாப்பிட்டது, இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார். "செவலைக்குக் கன்னு பொறந்திருக்குது. உங்க பொண்ணு பேரு வைக்கட்டும்னு பேரே வைக்காம இருக்கறோம்" என்றார். அதைக் கேட்டதும் நான் நின்று மூக்கைச் சிந்த வேண்டியதாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் அனுமந்தீர்த்தம். போகாதவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ராமர் சிவபூசை செய்யத் தண்ணீர் வேண்டி அனுமனைக் கங்கைக்கு அனுப்பினார். வர நேரமாகிவிட்டது. ராமர் அம்பு விட்டு மலையிலேயே தண்ணீரை வரவழைத்துப் பூசையை முடித்துவிட்டார். அனுமன் வந்து பார்த்தார். நான் கொண்டு வந்ததற்கு மரியாதை இல்லையா என்று கோபத்தில் தண்ணீரை வீசிவிட்டார். அது வந்து விழுந்த இடம் இந்த ஆற்றங்கரை. அப்போது ராமர் சொன்னாராம், உன் தீர்த்தத்தில் முழுகிவிட்டுத்தான் என் தீர்த்தத்துக்கு வர வேண்டும் என்று. பிந்தி வந்தவருக்கு முதல் மரியாதை.

இந்தக் கதை சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் அது என்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது. சாமிகளுக்குள்ளேயே மனத்தாங்கல் வந்திருக்கிறது. அவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

"நீங்க மொதல்ல முழுகுங்க சம்பந்தி" என்றேன்.

"மறுபடியும் ஆரம்பிக்கறீங்களா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முழுகினோம்.

ஞாயிறு

தார் ரோட்டில் நடந்து மலையடிவாரம் சேர்ந்தோம். கீழ்க்கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். குரங்குகள் என் பையை ஒரு முறை சோதனை போட்டு, கற்பூர வாசனை பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தன. மேலே பாறை இடுக்கிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. எந்தக் கோடையிலும் நிற்காது என்பார்கள். தலையைக் கொடுத்தால் மூன்று நாள் வெயிலும் அந்த நிமிஷமே இறங்கிவிடுகிறது.

சந்நிதியில் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் சாமி பாதத்தில் வைத்துத் தீபாராதனை காட்டினார். தரிசனத்துக்கு வந்த ஓர் அம்மாவை ஒன்றை எடுக்கச் சொன்னார். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

சிவப்பு.

முனிரத்தினம் தரையில் விழுந்து கும்பிட்டார். "பாத்தீங்களா? நாங்கதான் வந்து அழைக்கணும். சாமியே சொல்லிடுச்சு. புதன்கெழம நாள் நல்லாருக்குது, வெத்தல பாக்கோட வந்துடறோம்." படி இறங்கிய நேரம் முழுக்க யார் யார் வருவது, எந்த வண்டி என்று அதே பேச்சு.

அடிவாரத்து டீக்கடையில் போனைச் சார்ஜில் போட்டு, மகளைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்கற?"

"எங்க வூட்லதாம்ப்பா. ரெண்டு பேரும் சாமி பாத்துட்டீங்களா? காலு எப்படி இருக்குது?"

அவள் பேசும்போது பின்னால் ஒரு கன்றுக்குட்டி கத்தியது. எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

'எங்க வூடு.' பிறந்ததிலிருந்து அவள் வாயில் அது காரிமங்கலம்தான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். வேண்டிக்கொண்டதும் அதற்குத்தான், மூன்று நாள் நடந்ததும் அதற்குத்தான். இருந்தாலும், "எந்த வூடும்மா?" என்று கேட்டேன்.

வசந்தா போனை வாங்கினாள். நான் சொன்ன ராத்திரியே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாளாம். "அவங்க வர்றேன்னாங்க, நான் வர்றேன்னேன். அப்பறம் பாப்பாவே பைய எடுத்துட்டா. 'நீங்க பேசிட்டு இருங்க, நான் பஸ்ஸுக்குப் போறேன்'னுட்டா. டவுன் பஸ்தான், டிக்கெட்டு கூட இல்ல. நேத்து மத்தியானமே வந்துட்டோம். மாப்ளயும் லீவு போட்டுட்டு வந்துட்டாரு. சம்பந்தியம்மா என்ன வுட மாட்டேங்கறாங்க. நீங்க வந்து அழைச்சாத்தான் கெளம்புவேன்."

முனிரத்தினத்திடம் சொன்னேன். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி செவப்பு குடுத்துச்சே. நாங்க வந்து அழைக்கணும்னு சொல்லிச்சே. இப்ப நான் யாரப் போயி அழைக்கறது? சாமி வாக்குப் பொய்யாப் போயிடாது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மனிதருக்கு உண்மையிலேயே பயம். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பிறகு அவர் எழுந்தார். பக்கத்துப் பூசைக் கடைக்குப் போனார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வாங்கித் துண்டில் ஏந்திக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

"சம்பந்தி, உங்கள அழைக்க வந்திருக்கறேன். எங்க வூட்டுக்கு வாங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். டீக்கு இரண்டு பேருக்கும் அவரே கொடுத்தார். நான் தடுக்கவில்லை.

அரூர் போய், தருமபுரியில் மாறி, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் மேட்டு நிலம், புளியமரம், காய்ந்த கொல்லை. மூன்று நாள் கூடவே வந்த தண்ணீர்ச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பஸ் சத்தத்துக்கு அடியிலும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் வாசலில் செருப்பு இல்லாத கால்களோடு நின்றோம். பவித்ரா செம்பில் தண்ணீரோடு வந்தாள். எங்கள் வீட்டில் நான் வெளியே போய்த் திரும்பினால், "வந்துட்டியாப்பா?" என்று உள்ளிருந்தே குரல் வரும்.

"வாங்கப்பா" என்றாள். "உள்ள வாங்க."

காலைக் கழுவிக்கொண்டேன். முள் எடுத்த இடம் லேசாக எரிந்தது. உள்ளே போனேன்.